குட்டிக்குப் பால் மறக்கடிப்பது: திகதியா, தகுதியா?

வீட்டையும் காணியையும் இழந்து புதிய இடத்தில் கால் வைக்கும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு முதலில் கைகொடுக்கும் கால்நடை ஆடுதான். மாடு கட்டுவதற்கு இடமும் புல்லும் வேண்டும். கோழிக்குத் தீனியை விலைகொடுத்து வாங்க வேண்டும். ஆட்டுக்கோ ஏழு பேர்ச்சஸ் காணியின் ஒரு மூலையில் பரண் கட்டி, வேலியோரத்துக் கிளிரிசிடியாவையும் பலா இலையையும் ஒடித்துப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்த பின்னரும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்த பின்னரும், இடம்பெயர்ந்தோரின் வாழ்வாதாரம் பற்றிப் பேச்சு எழும்போது ஆடும் பேச்சில் வருவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ருவான்வெல்லை, யட்டியந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் ஆடு வளர்க்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு குறை சொல்வார்கள். "குட்டி போடுது சாமி, ஆனா கையில ஒண்ணும் மிஞ்சல." ஏன் மிஞ்சவில்லை என்று ஆராய்ந்து பார்த்தால் காரணங்கள் பலவாகும். நோய், புழு, மழை, வியாபாரியின் தந்திரம் என்று அவற்றை அடுக்கலாம். இவை எல்லாவற்றையும் மோசமாக்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. குட்டியை எப்போது தாயின் மடியிலிருந்து பிரிப்பது என்ற கேள்விதான் அது.

இரண்டு மாதக் குட்டியை வியாபாரி வந்து கேட்கிறான். கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கொடுத்துவிடுகிறோம். இன்னொரு பக்கம், உதவி வழங்கும் நிறுவனங்கள் பால் மறந்தும் மறக்காத குட்டிகளை லொறியில் ஏற்றிவந்து பயனாளிகளின் கையில் கொடுக்கின்றன. இரண்டு இடத்திலும் குட்டியின் நாள் திகதியைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. குட்டியைப் பார்த்து எவரும் தீர்மானிப்பதில்லை. பால் மறக்கடிக்கும் நாளைக் குட்டியின் தகுதியைப் பார்த்தே குறிக்க வேண்டும், அவசரத்தில் பிரித்த ஒவ்வொரு குட்டியும் எமது இறைச்சியையும் பணத்தையும் கொண்டுபோகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இந்த விடயத்தில் உலகில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை செம்மறிக் குட்டிகளைப் பற்றியவை. எமது ஈரவலயத்து மலைச்சரிவுகளில் செம்மறி தழைப்பதில்லை. குளம்பு அழுகலும் குடற்புழுவும் அதை விடுவதில்லை. இங்கு எமது கையில் இருப்பது வெள்ளாடு. ஆயினும் பால்குடி மறத்தலைப் பொறுத்தவரை இரண்டின் வயிறும் ஒரே மாதிரியே வேலை செய்கிறது. ஆகவே அந்த அறிவை எமது கொட்டிலுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

ஆட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட வயிறு என்பது நாம் அறிந்ததே. இலையையும் புல்லையும் நொதிக்கவைத்துச் சத்தாக்குவது முதல் அறையாகிய பெருவயிறு. பிறந்த குட்டிக்கு இந்தப் பெருவயிறு சுருங்கிய பைபோல இருக்கும். நான்காவது அறையே பெரிதாக இருக்கும். குட்டி முலையைப் பிடித்துச் சப்பும்போது தொண்டைக்குக் கீழே ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பாலைப் பெருவயிற்றில் விழவிடாமல் நேரே நான்காவது அறைக்கு அனுப்பிவிடுகிறது. அந்த வயதில் ஆட்டுக்குட்டி தீனியைப் பொறுத்தவரை நாய்க்குட்டியைப் போன்றதே. இலையை விழுங்கினாலும் அதிலிருந்து அதற்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இரண்டாவது வாரமளவில் குட்டி தாயைப் பார்த்துத் தளிரைக் கடிக்கத் தொடங்கும். அந்தச் சிறு கடிதான் பெருவயிற்றுக்கு முதற்பாடம். இலையோடும் தவிட்டோடும் நுண்ணுயிர்கள் உள்ளே சென்று நொதித்தலைத் தொடங்குகின்றன. அந்த நொதித்தலில் உண்டாகும் அமிலங்களே பெருவயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. ஆறு முதல் எட்டு வாரமளவில் பெருவயிறு ஓரளவு வேலை செய்யும் நிலையை அடைகிறது. ஆனால் இது தானாக நடக்கும் காரியமல்ல. எட்டு வாரமும் பாலை மட்டும் குடித்து, வேறு தீனி காணாமல் கட்டிக்கிடந்த குட்டிக்கு எட்டு வாரமானாலும் பெருவயிறு பிள்ளையாகவே இருக்கும்.

தோட்டத்து மருத்துவ மாது எமது தாய்மாருக்குச் சொல்வதை இங்கு நினைத்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்குங்கள், ஆனால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், இரண்டு வயதுக்கு மேலும் கொடுங்கள் என்பது அவரின் ஆலோசனை. புதிய உணவு முதலில் சேர வேண்டும், பழைய உணவு பிறகு விலக வேண்டும். குட்டிக்கும் ஒழுங்கு இதுவே. சேர்க்காமல் விலக்கினால் அதைப் பட்டினி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதமா, மூன்று மாதமா, ஆறு மாதமா?

உலகில் எல்லோரும் ஒரே வயதில் குட்டியைப் பிரிப்பதில்லை. அவரவர் தேவையே வயதைத் தீர்மானிக்கிறது. பிரான்சின் தென்பகுதியில் ரொக்ஃபோர் பாற்கட்டி செய்யும் விவசாயிகள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குட்டிகளைப் பிரித்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பால்தான் பணம். ஸ்பெயினின் கஸ்தீலியாப் பகுதியில் பால் மட்டுமே குடித்த ஒரு மாதக் குட்டியின் இறைச்சிக்கு நல்ல விலை உண்டு. நியூசிலாந்தில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் செம்மறிக் குட்டிகள் சாதாரணமாக மூன்று மாதமளவில் பிரிக்கப்படுகின்றன. அந்நேரத்தில் தாயின் பால் வற்றிவர, தாயும் குட்டியும் ஒரே புல்லுக்குப் போட்டியிடத் தொடங்கிவிடுகின்றன என்பது அவர்களின் கணக்கு.

எமக்கு அருகிலும் இதற்கு உதாரணம் உண்டு. தமிழ்நாட்டின் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கும், 1962 இல் ராஜஸ்தானில் நிறுவப்பட்ட மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்திலும், மூன்று மாத நிறையே குட்டியின் பால்மறப்பு நிறையாகப் பதிவு செய்யப்படுகிறது. மூன்று மாதம் என்பது ஏழை நாடுகளுக்கும் பணக்கார நாடுகளுக்கும் பொதுவாக வந்து சேர்ந்த ஒரு நடுவழி எனலாம்.

ஆறு அல்லது எட்டு வாரத்தில் பிரித்தாலும் குட்டி நன்றாக வளரும் என்று காட்டிய ஆய்வுகளும் பலவுண்டு. அவற்றை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குட்டிகளுக்கு முன்னால் புரதம் நிறைந்த செறிவுத்தீனி நாள்முழுவதும் வைக்கப்பட்டிருந்தது. தாய்ப்பாலின் இடத்தை அந்தத் தீனி நிரப்பியது. பால்வெட்டிக் கூலியில் அரிசி வாங்கும் வீட்டில் அப்படிப்பட்ட தீனி மூட்டையை எங்கே தேடுவது? பணமுள்ளவனின் முறையைப் பணமில்லாதவன் பாதியாகப் பின்பற்றினால் இரண்டு பக்கத்து நட்டமும் அவனுக்கே.

அப்படியானால் ஆறு மாதம்வரை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதிலும் நட்டம் உண்டு. ஆடு பிள்ளை சுமப்பது ஏறக்குறைய 150 நாள். மூன்று மாதத்தில் குட்டியைப் பிரித்து, தாய் தேறி, கிடாயிடம் சேர்ந்தால் எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று கிடைக்கும். அதாவது இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று. ஆறு மாதம் குட்டி மடியை விடாமல் இருந்தால் தாய் எலும்பும் தோலுமாகிவிடுகிறது. பருவத்துக்கு வருவதும் தாமதமாகிறது. ஒருவேளை சினைப்பட்டிருந்தால், வயிற்றுக்குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்திலேயே நடப்பதால், ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பாவது மடி ஓய்ந்திருக்க வேண்டும். மேலும் கிடாய்க்குட்டி நான்கு மாதத்திலேயே பெட்டையைச் சினையாக்கும் ஆற்றல் பெற்றுவிடலாம். தாயோடும் உடன்பிறந்த பெட்டையோடும் அதை விட்டுவைப்பது இனத்தைக் கெடுக்கும்.

இறைச்சிக் கணக்கு

இனி இறைச்சிக்கு வருவோம். பின்வரும் எண்கள் ஆய்வில் அளந்தவை அல்ல. கணக்கு விளங்குவதற்காக எமது நாட்டாட்டின் அளவுக்கு ஏற்ப எடுத்தவை.

முதற்குட்டியை இரண்டு மாதத்தில், 6 கிலோ நிறையில், வியாபாரிக்குக் கொடுக்கிறோம். பால்குடிக் குட்டிக்குக் குடல் சிறிது என்பதால் பாதி நிறை இறைச்சியாக வரும் என்று வைத்தாலும் கிடைப்பது 3 கிலோ.

இரண்டாவது குட்டியை ஆறு வாரத்தில், நாலரைக் கிலோவில், பிரித்துப் புல்லில் விடுகிறோம். அதற்குப் புல்லைச் செரிக்கத் தெரியாது. நாளுக்கு 25 கிராம் மட்டும் கூடுகிறது. எட்டு மாதத்தில் அது ஒன்பதரைக் கிலோ. பெருத்த வயிறும் மெலிந்த தொடையுமாக இருக்கும் அந்த உடலில் 40 வீதம் இறைச்சி என்றால் 3 கிலோ 800 கிராம்.

மூன்றாவது குட்டி மூன்று மாதம் பால் குடிக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்தே தளிரும் தவிடும் தின்னப் பழகுகிறது. பிரிக்கும்போது 8 கிலோ. அதன் பிறகு நாளுக்கு 50 கிராம் கூடினால் எட்டு மாதத்தில் பதினைந்தரைக் கிலோ. அதில் 45 வீதம் என்றால் ஏறக்குறைய 7 கிலோ இறைச்சி.

இரண்டாவது குட்டியையும் மூன்றாவது குட்டியையும் ஒரே எட்டு மாதந்தான் வளர்த்தோம். ஒரே மழையில் இலை ஒடித்தோம். வித்தியாசம், அந்தக் கூடுதல் ஏழு வாரப் பாலும், பாலோடு சேர்த்துத் தீனி பழக்கியதுமே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஹமண்ட் என்ற அறிஞர் 1932 இல் வெளியிட்ட நூலில் செம்மறியின் உடல் வளரும் ஒழுங்கை விளக்கினார். முதலில் எலும்பும், அடுத்து தசையும், கடைசியில் கொழுப்பும் விரைந்து வளர்கின்றன. தசை வளர வேண்டிய மாதங்களில் குட்டி பட்டினி கிடந்தால் எலும்பு கூடிய, சதை குறைந்த ஆடே மிஞ்சும். பின்னால் நல்ல தீனி கிடைத்தால் ஓரளவு ஈடுசெய்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் பின்னால் நல்ல தீனி கிடைக்கும் வீட்டில் முன்னாலும் பட்டினி இருந்திருக்காதல்லவா?

விற்கும் காலத்தையும் யோசியுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்கும் இஸ்லாமிய சகோதரர்கள் ஒரு வருடம் நிறைந்த, ஊனமில்லாத வெள்ளாட்டையே தேடுவார்கள். தீபாவளிக்கும் தோட்டத்துச் சாமி கும்பிடுகளுக்கும் கிடாய் தேவைப்படுகிறது. இந்தச் சந்தைகளுக்கு இரண்டு மாதக் குட்டி உதவாது. அதை வாங்கிச்செல்லும் வியாபாரி எங்கோ வளர்த்து அதே சந்தையில் விற்கிறான். எமது கொட்டிலில் வளர்ந்திருக்க வேண்டிய சதை அவனுடைய கொட்டிலில் வளர்கிறது.

எமது மழையும் புழுவும்

ருவான்வெல்லை ஈரவலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழை 2,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடத்தில் ஆட்டின் முதல் எதிரி குடற்புழு. குறிப்பாக இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. சாணத்தில் விழும் அதன் முட்டைகள் பொரித்து, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரமளவில் நோய் கொடுக்கும் நிலைக்கு வந்து, நனைந்த புல்லின் அடித்தண்டில் ஏறி நிற்கும். பெரிய ஆடு ஓரளவு தாங்கும். பால் மறந்த குட்டிக்கோ அந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் வந்திருக்காது. பால் கொடுத்த பாதுகாப்பும் போய்விட்டது. குட்டிகள் பால் மறந்து சில வாரங்களில் வாடி விழுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

எனவே பால் மறந்த குட்டியை ஈரப்புல்லில் மேயவிடாதீர்கள். மரத்தின் இலையில் இந்தப் புழு இல்லை. பலா, கிளிரிசிடியா, முள்முருங்கை இலைகளை வெட்டிவந்து குட்டியின் தலை உயரத்தில் கட்டுங்கள். கிளிரிசிடியாவின் வாசம் பிடிக்காமல் முதலில் முகத்தைத் திருப்பும். அரை நாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிவிடும். இறப்பர் இலையையும் மரவள்ளி இலையையும் பசுமையாகப் பசித்த குட்டிக்குக் கொடுக்க வேண்டாம். அவற்றில் நஞ்சு உண்டு. களைநாசினி அடித்த மலையின் புல்லையும் தொடாதீர்கள்.

குட்டியின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் நல்லது, வெளிறியிருந்தால் புழு இரத்தத்தைக் குடிக்கிறது என்று பொருள். தென்னாபிரிக்காவில் இந்தச் சோதனையை ஒரு நிற அட்டையாகவே செய்து உலகெங்கும் பரப்பியிருக்கிறார்கள். வெளிறிய குட்டிக்கு மட்டும் கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்து கொடுப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றுவதைவிடச் சிறந்தது. ஏனெனில் புழு மருந்துக்குப் பழகிவிடுகிறது.

முடிந்தால் ஓர் ஈற்றையாவது மழையைப் பார்த்துத் திட்டமிடுங்கள். ஜூன் மாதத்தில் சேர்ந்த ஆடு நவம்பரில் ஈனும். மழைக்காலத்தில் குட்டி பரணிலே தாயின் அணைப்பில் இருக்கும். பால் மறப்பது பெப்ரவரியில். மழை குறைந்த நாட்களில்.

வீட்டுப் பிள்ளைக்குப் பால் வேண்டாமா?

குட்டிக்கு மூன்று மாதம் பால் என்று சொல்வது எளிது. வீட்டில் சிறு பிள்ளை இருக்கிறது, பால்மா விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. மனிதப் பிள்ளையே முதல். ஆனால் இரண்டுக்கும் வழியுண்டு.

முதல் நாட்களின் சீம்பால் முழுவதும் குட்டிக்கே உரியது. பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அது குடிக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அந்தப் பாலில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதை உள்வாங்காது. முதல் மாதமும் பாலைப் பெரும்பாலும் குட்டிக்கே விடுங்கள். செம்மறிக் குட்டி ஒரு கிலோ நிறை கூடுவதற்கு ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு லீற்றர் தாய்ப்பால் வேண்டும் என்பார்கள். முதல் மாதத்துப் பாலைக் கறப்பது குட்டியின் உடம்பிலிருந்து கறப்பதற்குச் சமம்.

இரண்டாம் மாதத்திலிருந்து இரவில் குட்டியைத் தனியே அடைத்து, காலையில் ஒரு முலையை வீட்டுக்குக் கறந்து, மறுமுலையைக் குட்டிக்கு விட்டு, பகலில் தாயோடு இருக்கவிடலாம். கறந்த பாலைக் காய்ச்சியே பிள்ளைக்குக் கொடுங்கள். இரட்டைக் குட்டி என்றால் கறப்பதைத் தள்ளிப்போடுங்கள்; ஒரு மடியை இரண்டு வாய்களே போதாமல் பங்கிட்டுக்கொண்டிருக்கும்.

பிரிக்கும் முறை

பிறந்த திகதியையும் பிறந்த நிறையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளின் நிறையைக் கிளினிக்கில் கோடு போட்டுப் பார்ப்பதுபோலக் குட்டியின் நிறையையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாக்கில் இட்டுத் தொங்கு தராசில் பாருங்கள். கிராமத்தில் ஒரு தராசு இருந்தால் பத்துக் குடும்பத்துக்குப் போதும்.

பிறந்த நிறையின் இரண்டரை மடங்கை எட்டினால் பிரிக்கலாம் என்பது நல்ல தீனி வைக்கும் பண்ணைகளின் குறைந்தபட்ச விதி. இலையை நம்பியிருக்கும் எமது கொட்டில்களில் நான்கு மடங்குவரை பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த நாட்டுக்குட்டிக்கு அது 7 கிலோ. பெரும்பாலும் மூன்றாம் மாத முடிவில் வரும். புத்தளம் மாவட்டத்தின் கொட்டுகச்சிய பண்ணையில் நாட்டாட்டோடு ஜமுனாபாரியைக் கலந்து உருவாக்கிய இனத்தின் குட்டி பெரிதாகவே பிறக்கும். அதன் கணக்கு வேறு. ஆகவேதான் திகதி மட்டும் போதாது என்கிறோம்.

நிறையோடு இன்னொன்றையும் பாருங்கள். தாயை அரை நாள் மறைத்துவைத்தால் குட்டி கத்திக்கொண்டே நிற்கிறதா, இலையைத் தேடித் தின்று படுத்து அசைபோடுகிறதா? அசைபோடும் குட்டியே தகுதி பெற்ற குட்டி.

மூன்றாவது வாரத்திலிருந்து கொட்டிலின் ஒரு மூலையில் குட்டி மட்டும் நுழையக்கூடிய இடைவெளிவிட்டுக் கம்பு கட்டுங்கள். உள்ளே தளிர் இலை, சுத்தமான தண்ணீர், தேங்காய்ப் புண்ணாக்கோடு சிறிது அரிசித் தவிடு, ஒரு சிட்டிகை உப்பு வையுங்கள். தவிட்டை மட்டும் அளவுக்கு மிஞ்சி வைத்தால் கிடாய்க்குட்டிகளுக்குச் சிறுநீரில் கல் உண்டாகும்.

பிரிக்கும் நாள் வந்ததும் குட்டியை அதன் இடத்திலேயே விட்டு, தாயை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள். பழகிய இடமும் பழகிய கூட்டும் குட்டியின் துயரத்தைப் பாதியாக்கும். தாய்க்கு இரண்டு மூன்று நாள் தவிட்டைக் குறைத்தால் பால் வற்றும். அந்த வாரத்தில் கிடாய்க்கு விதை நசுக்குவதோ, ஊசி போடுவதோ, தீனியை மாற்றுவதோ, விற்பதோ வேண்டாம். ஒரு துன்பத்தை ஒரு நேரத்தில் தாங்கவிடுங்கள்.

ஆடு வழங்குவோருக்கு

கடைசியாக, உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும், எமது திருச்சபையின் சமூகப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் ஆட்டுக்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்த அன்றே லொறியில் ஏற்றி, மலைப்பாதையில் மணிக்கணக்காக ஆட்டி, நனைத்து, புகைப்படம் எடுத்து, தெரியாத கொட்டிலில் தெரியாத இலையின் முன் நிறுத்துகிறோம். பால், தாய், இடம், தீனி, கூட்டு ஆகிய ஐந்தையும் அது ஒரே நாளில் இழக்கிறது. அது இரண்டு வாரத்தில் இறந்தால் "இந்தச் சனங்களுக்கு வளர்க்கத் தெரியாது" என்று அறிக்கையில் எழுதுவது நீதியாகுமா?

விலை குறைந்த சிறு குட்டியை வாங்கினால் பயனாளிகளின் எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. ஆனால் பத்துக் குடும்பத்துக்குப் பத்துக் குட்டி கொடுப்பதைவிட, ஐந்து குடும்பத்துக்குச் சினையாடு கொடுத்து, அவர்கள் முதல் பெட்டைக்குட்டியை வளர்த்து அடுத்த ஐந்து குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒழுங்கு நிலைத்து நிற்கும். குட்டிதான் கொடுக்க முடியும் என்றால், பால் மறந்து குறைந்தது மூன்று வாரம் விற்பவரின் கொட்டிலிலேயே இலை தின்று தேறிய, நான்கு மாதத்துக்குக் குறையாத குட்டியைக் கொடுங்கள். ஆடு வருமுன் கொட்டிலும் வேலியோர மரமும் வந்திருக்க வேண்டும்.

பெறுகின்ற சகோதரர்களே, உங்களுக்கும் உரிமையுண்டு. குட்டியின் பிறந்த திகதியைக் கேளுங்கள். இமையைத் திறந்து பாருங்கள். மடி மறக்காத குட்டி என்றால் "இதை இன்னும் ஒரு மாதம் தாயோடு வைத்திருந்து தாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தானமாக வந்ததை ஆராயக்கூடாது என்பது ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் பழக்கம். பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் ஆலோசனை கேட்பதும் உங்கள் உரிமையே.

தொடக்கநூலின் 33 ஆம் அதிகாரத்தில் யாக்கோபைப் பார்க்கிறோம். நெடுங்காலம் அந்நிய மண்ணில் வாழ்ந்து, குடும்பத்தோடும் மந்தையோடும் சொந்த நாட்டுக்குத் திரும்பும் மனிதர் அவர். அண்ணன் ஏசா சேர்ந்து போவோம் என்று அழைக்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் பால்கொடுப்பவை, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துவிடும், ஆகவே அவற்றின் நடைக்கேற்ப மெதுவாக வருகிறேன் என்கிறார். இடம்பெயர்ந்த ஒரு மந்தைக்காரனின் அனுபவ அறிவு அது.

அந்த அறிவு ஆட்டுக்கு மட்டும் உரியதல்ல. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உலருணவு இத்தனை மாதம், வாடகைப் பணம் இத்தனை மாதம் என்று திகதி குறித்து நிறுத்தும் திட்டங்களை நாம் கண்டிருக்கிறோம். குடும்பம் புதிய மண்ணில் தின்னப் பழகிவிட்டதா, கொத்திய நிலம் விளைச்சல் கொடுத்துவிட்டதா என்று பார்ப்பவர் குறைவு. எவரையும் என்றென்றும் மடியில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதுவும் தாய்க்கும் பிள்ளைக்கும் கேடே. முதலில் புதிய தீனி சேரட்டும், பிறகு பால் விலகட்டும் என்றே கேட்கிறோம். குட்டிக்கு நாம் செய்யும் நியாயம் எமக்கும் செய்யப்பட வேண்டும் என்று கேட்பதற்கு, முதலில் எமது கொட்டிலில் அந்த நியாயத்தைச் செய்து காட்டுவோம்.